வெட்டிக் கொடுத்த காசுக்கும் கணக்கு உண்டோ?

கடல்கடந்து வரும் பணம் எம்மவர்க்குப் புதியதன்று. மலாயாப் பென்சனை நம்பி மாதத்தை ஓட்டிய குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ இருந்தன. தபாற்காரன் கொண்டுவரும் நீண்ட உறையை எதிர்பார்த்து, படலையடியில் காத்துநின்ற முதியவர்களை நாம் சிறுவயதிற் கண்டிருக்கிறோம். அந்தத் தலைமுறை மறைந்துவிட்டது. பிள்ளைகள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கிறார்கள். பென்சன் என்ற சொல் இருந்த இடத்திலே கம்பனிப் பங்கு, பங்கிலாபம் என்ற சொற்கள் வந்து குடியேறியிருக்கின்றன. வீட்டுப் பெண்களும் இச்சொற்களைத் தாராளமாகப் பேசுகிறார்கள். ஆனால், அவற்றுக்குப் பின்னால் வரும் வரி என்னும் சங்கதியைப் பற்றி மட்டும் வாய்திறப்பார் குறைவு.

சென்ற தை மாதம் ஒரு கலியாணத்துக்காக இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த அம்மையார் ஒருவர், கலியாண அலுவல்கள் ஓய்ந்த மறுநாள் மாலை நம் இல்லத்துக்கு வந்தார். நமக்குத் தூரத்து உறவு. அக்கா என்றே அழைத்துப் பழகியவர். அவருடைய கணவர் அமெரிக்கக் கம்பனியொன்றின் இலண்டன் கிளையில் நெடுங்காலம் கடமையாற்றியவர். அக்கம்பனியின் பங்குகளைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து, 2023 இல் காலமானார். பங்குகளிற் பாதி மனைவிக்கும் மறுபாதி மூத்த மகனுக்கும் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வந்துசேர்ந்தன.

அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு கடதாசிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். மேலே இருந்தது பிரித்தானிய வரித் திணைக்களத்தின் கடிதம். வெளிநாட்டு வருமானம் எதனையேனும் அறிவிக்காது விட்டிருக்கின்றீர்களா என்று அது வினவியது. குற்றச்சாட்டு எதுவும் அதில் இல்லை. எனினும், மூன்று வாரமாக அந்த அம்மையாருக்கு நித்திரை இல்லை.

“தம்பி, அமெரிக்காக்காரன் தன்ரை பங்கை வெட்டி எடுத்துப்போட்டுத்தானே மிச்சத்தைத் தாறான். பிறகு இலண்டன்காரனுக்கு என்ன கணக்கு?” என்றார்.

இக்கேள்வி அவருடையது மட்டுமன்று. வெளிநாட்டுப் பங்கு வைத்திருப்போரிற் பெரும்பாலார் மனத்தில் இருப்பது இதுவே. ஆகவே, அன்று அவருக்கு நாம் கூறியவற்றை வாசகர்களுக்கும் கூறுவதில் தவறில்லை என எண்ணுகிறோம்.

வேற்றூரில் உள்ள வயலை வாரத்துக்கு விட்டிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். நெல் விளைந்த களத்திலே அவ்வூரார் ஓர் அளவை அளந்து எடுத்துக்கொள்கிறார்கள். மிகுதி வண்டியேறி வீட்டு வாசலுக்கு வந்ததும், ‘இவர் எங்கள் ஊரில் வாழ்பவர், எங்கள் கிணற்றில் நீர் அள்ளுகிறார், எங்கள் தெருவில் நடக்கிறார்’ என்று சொந்த ஊராரும் ஓர் அளவு கேட்கிறார்கள். இரு சாராரின் வாதத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. பங்கிலாபத்தின் நிலையும் இதுவே. கம்பனி இருக்கும் நாடு களத்திலே வெட்டுகிறது. பங்குக்காரர் வதியும் நாடு வாசலிலே கேட்கிறது.

இங்கே முதலில் மனத்திற் பதிக்கவேண்டியது ஒன்று உண்டு. வதியும் நாடு கேட்பது, கைக்கு வந்து சேர்ந்த தொகையின் மீது அன்று. களத்திலே குவிந்திருந்த முழுத்தொகையின் மீது. அம்மையாரின் பங்குகளுக்கு 2024 ஏப்ரல் 6 முதல் 2025 ஏப்ரல் 5 வரையான பிரித்தானிய வரியாண்டில் விழுந்த பங்கிலாபம், டொலரைப் பவுணாக மாற்றிப் பார்த்தால், ஏறத்தாழ 4,000 பவுண். அவருடைய வங்கிக் கணக்கில் வந்தது 2,800 பவுண். தமது வருமானம் 2,800 என்றே அவர் நம்பியிருந்தார். சட்டத்தின் கண்ணுக்கு அது 4,000.

அப்படியானால் ஒரே பணத்துக்கு இரண்டு வரியா என்று வாசகர்கள் கேட்பீர்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கதையைச் சற்றே விரித்துரைக்க விரும்புகிறோம். எங்கள் தேயிலையும் அதிலே கலந்திருக்கிறது.

இங்கிலாந்தில் வருமான வரியை 1799 இல் கொண்டுவந்தவர் வில்லியம் பிட். அடுத்த ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, வெளிநாட்டுக் கம்பனிப் பங்குகளின் இலாபம் இங்கிலாந்துக்குள் கொண்டுவரப்பட்டால் மாத்திரமே அங்கே வரி இருந்தது. வெளியிலேயே கிடந்தால் கேட்பாரில்லை. இந்தச் சலுகையை 1914 இல் லொயிட் ஜோர்ஜ் நீக்கினார். பணம் உள்ளே வந்தாலும் வராவிட்டாலும், அங்கு வதிபவர் கணக்குக் காட்டவேண்டும் என்றாயிற்று. அதே ஆண்டில் யுத்தமும் மூண்டது. தொடக்கத்தில் பவுணுக்கு 1 சிலிங் 3 பென்ஸாக இருந்த வரி, 1918 இல் 6 சிலிங்காக ஏறியது. 20 சிலிங் கொண்ட ஒரு பவுணில் 6 சிலிங்! குடியேற்ற நாடுகளிலும் தனியாக வரி விதிக்கப்பட்டபோது, இரண்டு பக்கத்தாலும் நெருக்குண்ட பங்குக்காரர்கள் கூக்குரலிட்டார்கள். சாம்ராச்சிய நாடுகளிற் கட்டிய வரிக்கு ஒரு பகுதி நிவாரணம் 1916 இல் தற்காலிகமாக வழங்கப்பட்டு, 1920 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

இலங்கையில் வருமான வரி 1932 இல் வந்தது. எங்கள் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றின் கம்பனிகள் அக்காலத்தில் இலண்டனிலே பதிவானவை. ஸ்ரேளிங் கம்பனிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். கொழும்பிலே பதிவானவை ரூபாய்க் கம்பனிகள். இலங்கைத் தேயிலைப் பங்கு வைத்திருந்த ஆங்கிலேயர், தேயிலை விளைந்த நாடும் தாம் வாழ்ந்த நாடும் ஒருசேர வரி கேட்பதைக் கண்டார்கள். அன்று அந்த ஆங்கிலேயர் நின்ற இடத்தில் இன்று யாழ்ப்பாணத்துப் பெண்மணியொருவர் இலண்டனில் நிற்கிறார். தேயிலைக்குப் பதிலாக அமெரிக்கக் கம்பனி. காலச் சக்கரம் சுழல்வது இப்படித்தான் போலும்!

முதல் உலக யுத்தத்தின்பின் இப்பிரச்சினை சர்வதேச சங்கத்தின் முன் வந்தது. நான்கு பொருளியல் அறிஞர்களிடம் ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. ஒல்லாந்தின் புறூயின்ஸ், இத்தாலியின் லூயிஜி ஐனவுடி, அமெரிக்காவின் செலிக்மன், இங்கிலாந்தின் சேர் ஜோசையா ஸ்ராம்ப் என்போர் அந்நால்வர். ஐனவுடி பின்னாளில், 1948 இல், இத்தாலியின் சனாதிபதியானார் என்பது ஒரு சுவையான செய்தி. கம்பனிப் பங்குகளைப் பொறுத்தவரையில், உரிமையாளர் வாழும் நாட்டுக்கே உரித்து மிகுதி என்பது 1923 இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் போக்கு. ஆனால், களத்திலே நெல்லை வைத்திருப்பவன் வெறுங்கையோடு விடுவானா? ஆதலால், இரு நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டு, களத்து வெட்டுக்கு ஓர் எல்லை வகுக்கும் வழக்கம் வளர்ந்தது. சாதாரண பங்குக்காரருக்கு நூற்றுக்கு 15 என்ற எல்லையைப் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் தனது 1963 ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தத்தில் எழுதியது. இன்று பல ஒப்பந்தங்களிற் காணப்படும் 15 அதுவே.

அமெரிக்கா ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நூற்றுக்கு 30 வெட்டுகிறது. பிரித்தானியாவோடு 2001 இல் கைச்சாத்தான ஒப்பந்தப்படி, பிரித்தானியாவில் வதியும் தனியாளுக்கு அது 15. களத்திலே 15 கொடுத்தவர் வாசலிலே முழுவதையும் திரும்பக் கொடுக்கவேண்டியதில்லை. களத்திற் கொடுத்ததை வாசல் வரியிலே வரவுவைத்துக் கழித்துக்கொள்ளலாம். கழிப்பதற்கு ஓர் எல்லை மாத்திரம் உண்டு: அந்த வருமானத்துக்கு வாசலில் விதிக்கப்படும் வரி எவ்வளவோ, அவ்வளவுதான் கழிக்கலாம், மிஞ்சியதைத் திருப்பித் தரமாட்டார்கள்.

இந்த வரவு முறை அமெரிக்கர்களின் 1918 ஆம் ஆண்டுச் சட்டத்திற் பிறந்தது. தொமஸ் அடம்ஸ் என்ற பொருளியலாளர் அதற்கு மூலகாரணர். முதல் மூன்று ஆண்டுகள் எல்லை எதுவும் இருக்கவில்லை. பிறநாடு வரியை உயர்த்த உயர்த்த, அச்சுமை அமெரிக்கத் திறைசேரியிலே வந்து விழும் என்பது விளங்கியதும், 1921 இல் எல்லை போட்டார்கள். நியாயமான காரணந்தான். ஆனால், அந்த எல்லை யாரைக் கடிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலன்றி விளங்காது.

அன்று மாலை கடதாசியும் பென்சிலுமாக உட்கார்ந்து மூவருடைய கணக்கைப் பார்த்தோம்.

முதலாவது மகனுடையது. அவருக்கும் பங்கிலாபம் 4,000 பவுண்தான். உரிய அமெரிக்கப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தமையால், அங்கே வெட்டியது 15 வீதம், அதாவது 600. கைக்கு வந்தது 3,400. ‘வெட்டித்தானே தந்தார்கள்’ என்று தாயைப்போல அவரும் நிம்மதியாக இருந்துவிட்டார். ஆனால், அவர் பெரிய சம்பளக்காரர்; ஆண்டுக்கு 50,270 பவுணுக்கு மேல் உழைப்பவர். அந்த வரியாண்டில் பங்கிலாபத்தில் முதல் 500 பவுணுக்கு வரியில்லை. மிகுதி 3,500 க்கு அவரைப் போன்றவர்கள் கட்டவேண்டியது நூற்றுக்கு 33.75, அதாவது 1,181 பவுண் 25 பென்ஸ். அமெரிக்காவிற் கொடுத்த 600 ஐக் கழித்தால் 581 பவுண் 25 பென்ஸ் பாக்கி. அறிவிக்காது விட்டதற்கு வட்டியும் தண்டமும் வேறு. கடிதம் வந்ததோ தாய்க்கு. கடன் இருந்ததோ மகனுக்கு!

இரண்டாவது அம்மையாருடையது. அவருக்குப் பென்சன்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 18,000 பவுண் வரையில் வருகிறது. எனவே அவர் அடிப்படை வீதக்காரர்; பங்கிலாபத்துக்கு நூற்றுக்கு 8.75. அந்த 3,500 க்கு அவருடைய பிரித்தானிய வரி 306 பவுண் 25 பென்ஸ். ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்குச் சேரவேண்டிய 600 ஐ இதற்கெதிரே வைத்தால், பிரித்தானியாவுக்கு அவர் கட்டவேண்டியது ஒரு சதமும் இல்லை. ஆயினும், அறிவிக்கவேண்டியது கடமை. அறிவித்துக் கேட்டாலன்றி வரவு தாமாகத் தரமாட்டார்கள். கேட்பதற்குத் தவணை நான்கு ஆண்டு. இதைச் சொன்னபோது அம்மையாரின் முகத்தில் வந்த மாற்றத்தை நாம் எளிதில் மறக்கமாட்டோம். மூன்று வாரத்து நித்திரை அல்லவா!

மேலே சொன்ன வீதங்கள் அந்த வரியாண்டுக்கு உரியவை. 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில், 2026 ஏப்ரல் முதல் இவ்விரு வீதங்களையும் இரண்டிரண்டு புள்ளியால் உயர்த்துவதாக அறிவித்தார்கள். 10.75 என்று வைத்துப் பார்த்தாலும், அம்மையாருக்கு முடிவு மாறவில்லை. 15 அதிலும் பெரிது.

மூன்றாவது கணக்கு எவருடையதுமன்று, நாமாகக் கற்பித்துக்கொண்டது. வருமானம் முழுவதும் சேர்ந்தாலும் 12,570 பவுணைத் தாண்டாத ஒரு வறிய முதியவள், அவளிடமும் இதே பங்கு சிறிது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பிரித்தானியாவில் வரியே இல்லை. வரி இல்லாத இடத்தில் எதில் கழிப்பது? அமெரிக்கா வெட்டிய 15 வீதம் அப்படியே போயிற்று. பெரிய சம்பளக்காரருக்கு அந்தப் 15 முழுவதும் ஈடாகிறது. நடுத்தர விதவைக்குப் பாதியளவே ஈடாகிறது. ஏழைக்கு எதுவுமே இல்லை. உள்ளவனுக்கு வெளிநாட்டு வரி வெறும் முற்பணம், இல்லாதவளுக்கு அது தலைச்சுமை. அரசாங்கங்களின் நியாயம் நமக்கு விளங்காமலில்லை. எனினும், இதிலே நமக்கு உடன்பாடு இல்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இனி, அம்மையாரின் கணக்கிலே 4,000 இல் 2,800 தான் ஏன் வந்தது? 15 வீதம் வெட்டியிருந்தால் 3,400 அல்லவா வரவேண்டும்? இங்கேதான் முடிச்சு இருந்தது. அமெரிக்காவின் குறைந்த வீதம் தானாகக் கிடைப்பதன்று. ‘நான் இன்ன நாட்டில் வதிபவன், இப்பணத்தின் உண்மையான உரித்தாளன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தரகரிடம் கொடுக்கவேண்டும். அப்பத்திரத்துக்கு ‘டபிள்யூ-8 பென்’ என்று பெயர். (பென் என்பது பேனா அன்று, பயன்பெறும் உரித்தாளர் என்பதன் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி.) கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஆண்டின் கடைசி நாளோடு அது காலாவதியாகும். கணவர் இட்ட கையெழுத்து கணவரோடு போயிற்று. பங்கு தம் பெயருக்கு மாறியதும் அம்மையார் புதிதாகக் கொடுத்திருக்கவேண்டும். தரகு நிறுவனம் அதைக் கேட்டு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பியிருந்தது. விளம்பரமென்று எண்ணி அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்! ஆகவே இரண்டு ஆண்டாக 30 வீதம் வெட்டுப்பட்டு வந்திருக்கிறது.

அந்த மேலதிக 600 ஐப் பிரித்தானியா வரவுவைக்கவே மாட்டாது. ‘ஒப்பந்தம் உமக்கு 15 வீதந்தான் விதித்தது, மிகுதியை வாங்கியவரிடமே கேளும்’ என்பது அதன் பதில். அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு, வெளிநாட்டார்க்கென்று உள்ள 1040-என்ஆர் என்னும் வருமான அறிக்கையை அனுப்பி மீளக் கேட்கவேண்டும். அதற்கு அமெரிக்க வரி இலக்கம் ஒன்றையும் விண்ணப்பித்துப் பெறவேண்டும். பொதுவாக மூன்று ஆண்டுக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும். அம்மையாருக்குத் தவணை இன்னும் கடந்துவிடவில்லை. சுவிற்சர்லாந்துக் கம்பனிப் பங்கு வைத்திருப்போருக்கு இந்த மீளக் கேட்கும் வேலை ஆண்டுதோறும் உண்டு. அங்கே களத்திலே 35 வெட்டிவிட்டு, ஒப்பந்தக்காரர் பின்னர் கேட்டால் 20 ஐத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இதற்கு மாறாகச் சிங்கப்பூர்க் கம்பனியின் பங்கிலாபத்தில் வெட்டே கிடையாது. பிரித்தானியாவும் தன் சாதாரண கம்பனிகள் வெளிநாட்டாருக்குக் கொடுக்கும் பங்கிலாபத்தில் வெட்டுவதில்லை. வெட்டாத இடத்துப் பணத்துக்கு வரியில்லை என்று யாரும் எண்ணவேண்டாம்; களத்தில் விட்டது வாசலில் முழுவதாகக் கேட்கப்படும்.

“நாங்கள் சொல்லாட்டி அவைக்கு எப்பிடித் தெரியும்?” என்று அம்மையாரோடு வந்திருந்த மருமகப்பிள்ளை நடுவிலே ஒரு கேள்வி போட்டார். தெரியும் என்பதே பதில். வெளிநாட்டவரின் வங்கி, தரகுக் கணக்கு விபரங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று தாமாகவே அனுப்பும் முறை 2017 இல் நடைமுறைக்கு வந்தது. முதல் அணியிற் சேர்ந்த நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று. அமெரிக்கா அந்த அணியிற் சேராவிட்டாலும், பிரித்தானியாவோடு 2012 இல் தனி உடன்படிக்கை செய்திருக்கிறது. திணைக்களம் துருவிக் கேட்குமுன் தாமாகச் சென்று சொல்பவருக்குத் தண்டம் குறையும். மகனுக்கு அன்றிரவே தொலைபேசியில் இதைச் சொல்லும்படி அம்மையாரிடம் வற்புறுத்தினோம். “அவன் என்னை ஏசப்போறான்” என்றார். ஏசட்டும் என்றோம்.

பிள்ளைகளிடமிருந்தோ பழைய உத்தியோகத்திலிருந்தோ வெளிநாட்டுப் பங்குகள் வந்துசேர்ந்த வாசகர்கள் இலங்கையிலும் இருப்பார்கள். முதுமையில் ஊர்திரும்பி இங்கேயே தங்கிவிட எண்ணுவோரும் பலர். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும், வதிவாளர் ஒருவரின் வருமானம் உலகில் எங்கே பிறந்தாலும் அதனைக் கணக்கில் எடுக்கிறது. வெளிநாட்டிற் கட்டிய வரிக்கு எல்லையோடு வரவும் தருகிறது. அமெரிக்காவோடு இலங்கைக்கு உள்ள ஒப்பந்தம் 2004 இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பங்கிலாபத்துக்கு எல்லை 15 தான். ஆனால், வதியும் நாடு மாறினால் பழைய பத்திரம் செல்லாது. ‘பிரித்தானியாவில் வதிபவன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நல்லூரில் நிரந்தரமாகக் குடியிருப்பவர், புதிய பத்திரம் எழுதவேண்டும்.

மறுநாட் காலை, வீதியோரத் தொடர்பாடல் நிலையத்தில் அந்தப் பத்திரத்தை அச்சிட்டுக்கொண்டு அம்மையார் மீண்டும் வந்தார். விறாந்தையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதினார். பெயர், விலாசம், பிறந்த திகதி எல்லாம் சரி. கையெழுத்தும் இட்டாயிற்று. திகதியை எழுதும்போது, நாம் எல்லோரும் எழுதுவதுபோல நாளை முன்னும் மாதத்தைப் பின்னுமாக எழுதிவிட்டார். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னே எழுதுபவர்கள். பத்திரத்திலும் அப்படியே குறித்திருக்கிறார்கள். வெட்டித் திருத்திய பத்திரத்தைத் தரகர் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார் என்றோம். அம்மையார் கைப்பையைத் திறந்தார். அச்சிட்ட இன்னொரு பிரதி உள்ளே மடித்து வைத்திருந்தார்.

“எனக்குத் தெரியும், தம்பி, ஒண்டு பிழைக்கும் எண்டு,” என்று சொல்லி, மறுபடியும் முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினார்.